பழைய கணினியை வீட்டுச் சேமிப்பகமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் ஆண்டின் பெரும்பகுதி காவலுக்கு இருப்பவரைத் தவிர வேறு எவரும் இருப்பதில்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழும் பங்காளிகள் படைப்பு எனப்படும் முன்னோர் வழிபாட்டுக்கோ திருமணத்துக்கோ ஊரில் கூடும்போது, பழைய புகைப்படங்களையும் கணக்கேடுகளையும் ஸ்கேன் செய்து, வீட்டில் சும்மா கிடக்கும் கணினியில் நாஸ் மென்பொருளை, அதாவது கணினியை நெட்வொர்க் வழியே பலரும் பயன்படுத்தும் சேமிப்பகமாக்கும் மென்பொருளை நிறுவி, அனைவரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கலாம் என்ற யோசனை எழுவது இயல்பே. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கணினி ஆளில்லாத வீட்டில் தனியாக ஓட வேண்டியது என்பதை நிறுவுகிறவர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

மீட்க முடியாத தவறு நிறுவும் நாளிலேயே நேர்கிறது. ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளை நிறுவும்போது, அதற்கெனத் தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும். அந்த டிஸ்க்கைப் பிறகு கோப்புகள் வைக்கவும் பயன்படுத்த முடியாது. ஆகவே மென்பொருளுக்கென்று தனியே ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்குங்கள். நிறுவி முடிக்கும்வரை மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வையுங்கள். பின்னர் கோப்புகளுக்கான டிஸ்க்குகளை இணைத்துச் சேமிப்புத் தொகுப்பை உருவாக்கும்போதும் அதில் சேர்க்கும் டிஸ்க்குகள் அழிக்கப்படும். விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்க்கை, உள்ளிருக்கும் படங்களோடு அப்படியே சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்புவது வீண். முதலில் வேறிடத்தில் நகலெடுத்தாக வேண்டும்.

கணினிக்குப் பொருந்தாத மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. ட்ரூநாஸுக்கு 64 பிட் செயலியும் குறைந்தது 8 ஜிபி ரேமும் தேவை. 4 ஜிபி மட்டுமே உள்ள கணினிக்கு டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருள் பொருத்தமானது. ட்ரூநாஸின் பழைய பெயரான ஃப்ரீநாஸ் என்ற பெயரில் வந்த வழிகாட்டிகளை வரிக்கு வரி பின்பற்ற வேண்டாம். 2020இல் அந்தப் பெயரே மாறிவிட்டது, இன்று முன்னிற்கும் பதிப்பு லினக்ஸில் இயங்குகிறது.

பழைய டிஸ்க்குகளைச் சோதிக்காமல் சேர்க்கக் கூடாது. டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் வசதியின் நீள்சோதனையை ஓட்டிப் பாருங்கள்; பல மணி நேரம் பிடித்தாலும் பொறுத்திருங்கள். பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கிடம் குடும்பத்தின் படங்களை ஒப்படைக்காதீர்கள். ட்ரூநாஸ் கோப்புகளைச் சேமிக்கும் முறையான இசட்எஃப்எஸ், டிஸ்க்குகளை நேரடியாகக் கையாள்வதற்கென அமைந்தது என்பதால், பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டை இடையில் வைப்பதும் தவறே.

செட்டிநாட்டில் அதிகக் கவனம் கோருவது மின்சாரம். மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் கணினி தானாகவே எழும்படி, மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் அமைக்கலாம். பலர் இதைச் செய்வதில்லை, காவலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி இயக்குகிறார்கள். அமைத்தவர்களிலும் சிலர் மதர்போர்டின் பொத்தான் பேட்டரியை மாற்றத் தவறுகிறார்கள். அந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் முழுதாக நின்றதும் பயாஸ் அமைப்புகள் அழிந்துபோகலாம், கடிகாரமும் பின்னோக்கிப் போய்விடும். அப்போது செய்த அமைப்பு இருந்தும் பயனில்லை. வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்புவதும் போதாது, ஏனெனில் அது மாறும் கணத்தில் கணினி அணைந்து எழக்கூடும். யுஎஸ்பி கேபிள் வழியே கணினியோடு பேசும் சிறிய யுபிஎஸ் இருந்தால், பேட்டரி இறங்குமுன் மென்பொருளே முறையாக அணைந்துகொள்ளும்.

தடித்த சுவர்களைக் கடந்து வைஃபை எட்டாது. ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுங்கள். கணினியை மூடிய மர அலமாரிக்குள் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் டிஸ்க்குகள் சூடேறும். டிஸ்க் பழுதானால் மின்னஞ்சல் வரும்படி அமைத்து, ஒரு சோதனை அஞ்சல் உண்மையில் வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டே ஊர் திரும்புங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளி இணையத்திலிருந்து நேரே நுழையும் வழியைத் திறந்துவிடுவது ஆபத்தானது. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக வருவதே பாதுகாப்பு. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய எஸ்எம்பி1 நெறிமுறையையும் அணைத்தே வையுங்கள். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாட்டைப் பேக்கப் என்று கருதாதீர்கள். தவறி அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் ஒரே கணத்தில் போய்விடும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே கருகும். குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைக் காத்துவைக்கும் ஸ்னாப்ஷாட் முதல் வகை இழப்புக்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது. எனவே சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவரிடம் வெளி டிஸ்க்கில் மற்றொரு நகல் இருக்கட்டும். அதிலிருந்து சில படங்களைத் திறந்து பார்த்து, அவை சரியாக மீள்கின்றனவா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.