மலைக்குளிரும் பசியும்: வயிற்றுக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் முறை

மார்கழி பிறந்துவிட்டால் ஊட்டியிலும் குன்னூரிலும் பதினொரு மணிக்கே வயிறு கிள்ள ஆரம்பித்துவிடும். டீக்குத் துணையாக இரண்டு வர்க்கி பிஸ்கட், நாலு மணிக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி, ராத்திரி வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதல். பொங்கலுக்குள் பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப் போயிருக்கும். கேட்டால், "குளிருக்குப் பசிக்கத்தானே செய்யும்" என்பார்கள். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதி சாப்பிடும் நேரம், தூக்கம், டீயில் விழும் சர்க்கரை, தட்டில் முதலில் கை போகும் இடம் ஆகியவற்றால் வருவது. குளிரை மாற்ற முடியாது. இந்த நாலையும் மாற்றலாம்.

அதற்கு முன், வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே யார் யார் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் சொல்லும் படிகள் வெறும் பத்தியம் மாதிரித் தோன்றும்.

பசியைக் கூப்பிடுபவர், போதும் என்பவர்

இரைப்பையின் மேற்பகுதிச் சுவரில் சுரப்பது கிரெலின் என்ற பசி ஹார்மோன். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தது. சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பலர் கவனிக்காத குணம் ஒன்று இதற்கு உண்டு: நீங்கள் தினமும் சாப்பிடும் நேரத்தை இது மனப்பாடம் செய்துகொள்ளும். தினமும் பதினொரு மணிக்கு வர்க்கி போட்டால், பத்தே முக்காலுக்கே ஏறத் தொடங்கிவிடும். வயிறு காலியா என்று பார்த்துக்கொண்டு இருக்காது. அதே சமயம், அந்த நேரத்தில் எதுவும் போடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். விரதம் இருப்பவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும்: மதியம் ஒரு மணிக்குக் குடலைப் பிடுங்கும் பசி மூன்று மணிக்கு இருந்த இடம் தெரியாது.

சாப்பாடு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும், அதிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் கண்டு கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். இது வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக "போதும்" என்று மூளைக்குச் சொல்லும்; இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கும். இன்னும் கீழே, குடலின் கடைசிப் பகுதியிலிருந்து பெருமளவு வருபவை ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டு ஹார்மோன்கள்; இவையும் "போதும்" என்று சொல்பவைதான். இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதி அழிந்துபோகும். இப்போது எடை குறைக்க வாரம் ஒரு ஊசி என்று பேசப்படும் செமாக்ளூடைட், அதே வேலையைச் செய்யும்படியும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்படியும் மாற்றி அமைத்த மருந்துதான்.

லெப்டின் என்ற ஹார்மோன் வேறு வகை. கொழுப்புத் திசு அனுப்பும் கையிருப்புக் கணக்கு அது. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தபோது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் பருத்தவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, நிறையவே இருந்தது. மூளைதான் அதற்குச் செவி சாய்க்கவில்லை. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் லெப்டின் சடாரென்று விழும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும். "பத்து நாளில் ஐந்து கிலோ" திட்டங்கள் பதினோராம் நாள் கவிழ்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மனஉறுதி இல்லை என்று திட்டிக்கொள்வதில் பொருள் இல்லை.

இந்தச் செய்திகள் எல்லாம் போய்ச் சேரும் முக்கிய இடம் மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ். அங்கே ஒரு நரம்புக் கூட்டம் 'சாப்பிடு' என்று முடுக்கும், இன்னொன்று 'நிறுத்து' என்று இழுக்கும். கிரெலின் முன்னதைத் தூண்டும்; லெப்டின் முன்னதை அடக்கிப் பின்னதைத் தூண்டும்.

இதற்கு வெளியே டோபமைன் என்ற மூளை ரசாயனம் ஒருவர் இருக்கிறார். இவர் பசிக்காரர் அல்ல, ஆசைக்காரர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நடக்கும்போது சாக்லேட் வாசனை வந்தால் கால் தானாகத் திரும்புகிறதே, அது இவர் வேலை.

குளிர் செய்வது எவ்வளவு?

உடம்பு 37 டிகிரியைக் காக்கச் செலவு செய்தாக வேண்டும். நடுங்கும்போது அந்தச் செலவு பல மடங்கு ஏறும். ஆனால் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு, கதவைச் சாத்தி, வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் செலவு பெரிதாக ஏறுவதில்லை. நடை குறைவதால் இறங்கவும் கூடும். பனியில் கொழுந்து பறிப்பவரின் பசியும் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவரின் பசியும் ஒன்றல்ல. முன்னவர் கூடுதலாகச் சாப்பிடத்தான் வேண்டும். இங்கே சொல்பவை பின்னவருக்கு.

உயரம் பசியைக் கெடுக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது இமயமலை முகாம்களின் உயரத்தில். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். இந்த உயரத்தை அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

குளிரில் தாகம் மங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கவே தோன்றாது, டீதான் தோன்றும். பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன் இரண்டு டம்ளர் குடியுங்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு இது பொருந்தாது.

முதல் மூன்று நாள்: எழுதுவது மட்டும்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் நேரம், பசி எத்தனை (பூஜ்யத்திலிருந்து பத்து வரை), என்ன சாப்பிட்டீர்கள், முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம் என்று குறியுங்கள். டீயையும் அதில் போட்ட சர்க்கரையையும் விடாமல் எழுதுங்கள்; எல்லோரும் விட்டுவிடுவது அதைத்தான்.

பசி எழும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி: "உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுத்தால் இப்போது சாப்பிடுவேனா?" ஆம் என்றால் பசி, சாப்பிடுங்கள். வர்க்கியோ பஜ்ஜியோ மட்டும்தான் வேண்டும் என்றால் அது டோபமைன். பக்கத்தில் 'ஆசை' என்று எழுதிவிட்டு இருபது நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

உருளைக்கிழங்கைச் சும்மா சொல்லவில்லை. 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை 240 கலோரி வீதம் கொடுத்து, இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323, பட்டியலில் முதலிடம். கடைசி இடம் குரோசான் என்ற அடுக்கடுக்கான வெண்ணெய் ரொட்டிக்கு, வெறும் 47. மைதாவும் கொழுப்பும் அடுக்கி மொறுமொறுவென்று சுட்ட வர்க்கியை அங்கே யாரும் சோதிக்கவில்லை. ஆனால் அது எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று பார்த்தாலே தெரியும். தராசில் வைத்துப் பாருங்கள். 240 கலோரிக்குக் கிழங்கு ஏறக்குறைய 280 கிராம், தட்டு நிறைய வரும். வர்க்கியில் அதே கலோரி சுமார் 50 கிராமில் முடிந்துவிடும், உள்ளங்கைகூட நிறையாது. இரைப்பைச் சுவர் விரிந்தால்தான் அங்குள்ள நரம்புகள் செய்தி அனுப்பும். 50 கிராமுக்கு அது எங்கே விரிய? நம் ஊர்க் கிழங்கை எண்ணெயில் பொரித்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. தோலோடு வேகவைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 150 கிராமோடு நிறுத்தி, முட்டையோ சுண்டலோ சேர்த்துச் சாப்பிடட்டும்.

நாலாம் நாள் முதல்

காலைச் சாப்பாட்டில் 20 கிராம் புரதம் வர வேண்டும். பதினொரு மணிப் பசிக்கு முதல் மருந்து இதுதான். மூன்று இட்லியும் சட்னியும் சேர்ந்தால் ஆறேழு கிராம்தான் தேறும். இரண்டு முட்டையில் 12 கிராம், வெந்த சுண்டல் அரை கப்பில் 7 கிராம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்கள் அவரைக்கொட்டை, பச்சைப் பட்டாணி, பயறு, தயிர் என்று கூட்டிக்கொள்ளலாம். ராகிக் களியோடு அவரைக் குழம்பைக் கெட்டியாக வைத்துச் சாப்பிடுவது நல்ல கூட்டு; களி கொஞ்சமாகவும் கொட்டை நிறையவும் இருக்கட்டும். அதே ராகியைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் அவ்வளவு நேரம் தாங்காது. மெல்லாமல் இறங்கும் கலோரிக்கு "போதும்" செய்தி பலவீனமாகத்தான் வரும். ஜூஸ், பாலில் கலக்கும் மால்ட் பவுடர் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

மதியம் வரிசையை மாற்றுங்கள், அளவை அல்ல. பீன்ஸ், முட்டைக்கோஸ், மேராக்காய், கேரட், எது சமைத்திருந்தாலும் பொரியலை இரட்டிப்பாக வைத்து, பாதியைச் சோற்றுக்கு முன்பே தனியாகச் சாப்பிட்டுவிடுங்கள். அடுத்து பருப்பு, முட்டை, மீன். சோறு கடைசியில். காயும் புரதமும் முதலில் போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது. ஜிஎல்பி-1 கூடுதலாகச் சுரப்பதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். குழம்பைச் சோற்றில் பிசைந்துதான் ஆரம்பிப்பேன் என்று கை பழகியிருக்கும், முதல் வாரம் விநோதமாகத்தான் இருக்கும். சாப்பாடு இருபது நிமிடமாவது நீளட்டும். குடலின் செய்தி மூளைக்கு எட்ட நேரம் பிடிக்கும். எட்டு நிமிடத்தில் தட்டைக் காலி செய்தால், செய்தி வரும்போது இரண்டாம் முறை போட்ட சோறும் உள்ளே போயிருக்கும்.

டீக் கணக்கு. ஒரு நாளைக்கு ஐந்து டீ, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 முதல் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவு ஏறக்குறைய 25 கிராம். ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு சண்டை போடாது. கடையில் "அரைச் சர்க்கரை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி டீ மூன்று மணிக்குள் முடியட்டும். காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணி டீயின் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் விழித்திருக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், டீயிலுள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தூக்கத்தைக் குறைத்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் கூடுதல். இனிப்பு, உப்பு, மாவு வகைகள் மேல்தான் நாட்டம் அதிகம் போனது. சிறிய ஆய்வுதான், ஆனால் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்: நோட்டில் தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே இறங்கிய நாட்களுக்கு எதிரே பசி எண்ணைப் பாருங்கள்.

எங்கே சறுக்கும்

நேரத்தை ஒரே நாளில் மாற்றுவது முதல் தவறு. பதினொரு மணித் தீனியை நிறுத்த வேண்டுமானால் மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி தள்ளுங்கள்: பதினொன்றரை, பன்னிரண்டு, பிறகு நேரே மதியச் சாப்பாடு. கிரெலின் பின்னாலேயே நகர்ந்து வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணிக்கு எழுந்து பதினொன்றுக்குச் சாப்பிட்டால், திங்கள் வயிறு குழம்பும்.

இரண்டாவது, காலையைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பது. சிலருக்கு ஒத்துவரும். நோட்டில் ராத்திரிப் பசி எட்டைத் தாண்டினால் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரம் பசி கூடுவது இயல்பு. அந்த வாரத்தின் எண்ணை மற்ற வாரத்தோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

தேயிலை பாக்டரியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்பே முடித்துவிட்டு, நடுராத்திரிக்குத் தூக்குப்போசியில் சுண்டலோ முட்டையோ கொண்டுபோவது நல்லது. அதிகாலை மூன்று மணிக்குப் பரோட்டா சாப்பிட்டால், அதே மாவைப் பகலில் சாப்பிடுவதைவிடச் சர்க்கரை உயரமாக ஏறும். அந்த நேரத்தில் இன்சுலின் சரிவர வேலை செய்யாது.

நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போக வேண்டியவை

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் தைராய்டும் சர்க்கரையும் பரிசோதிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும், மனநல மருந்துகளில் ஓலன்சபின், மிர்டசபின் எடுப்பவர்களுக்கும் பசி கூடுவது மருந்தால் இருக்கலாம். தானாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள். இதற்கு மாறாக, வயதானவர்களுக்குச் சில வாரங்களாகப் பசியே இல்லை என்றால் "வயசாச்சு" என்று விட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை கட்டாயம். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மேலே சொன்ன தள்ளிப்போடும் வேலை எதுவும் கூடாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியோ கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குத் திடீரென்று பசி, நடுக்கம், வியர்வை மூன்றும் சேர்ந்து வந்தால் இருபது நிமிடம் பொறுத்துப் பார்க்கவே கூடாது. அது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதாக இருக்கலாம். குளிரில் வரும் நடுக்கம் என்று ஏமாறுவது இங்கே எளிது. குளிரில் வியர்க்காது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். தோட்டத்துக்கோ காட்டு வேலைக்கோ போகும்போது அந்தச் சர்க்கரை பொட்டலமாகப் பையில் இருக்கட்டும். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும்.