கயாக் பயணத்துக்குப் பெரிய பை வேண்டாம்

அலாஸ்காவின் கிளேசியர் பே மாதிரி இடத்துக்கு வழிகாட்டியோடு நாலைந்து நாள் கடல் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகில்) போகிறீர்களா? 40 லிட்டர் நீர்புகாப் பை ஒன்றை வாங்காமல், 5 முதல் 10 லிட்டர் பைகளாக ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள்.

கயாக்கின் சாமான் அறைக்கு வாய் சிறியது; சில படகுகளில் முன்பக்க வட்டத் திறப்பு 24 செ.மீ.தான். உள்ளே போகப்போக மூக்கு மாதிரிக் குறுகும். பெரிய பை வாயிலேயே சிக்கும், நுழைந்தாலும் முனையில் இடம் வீணாகும். சின்னப் பைகள் இண்டு இடுக்கெல்லாம் அடையும். பையின் வாயை மூன்று சுற்றுச் சுருட்டி மூடும் முன் அதன்மேல் முழங்காலை வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். உப்பிய பை தலையணை மாதிரி இடத்தை அடைக்கும். வீட்டிலேயே ஒத்திகை பார்க்க, 20 செ.மீ. அகலப் பாத்திரத்துக்குள் பை இறங்குகிறதா என்று பாருங்கள்.

சாமானைத் துணைப்படகு சுமக்கும் பயணத்துக்கு இது தேவையில்லை. உணவுக்கும் பொருந்தாது: கிளேசியர் பேயில் அது கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் இருக்க வேண்டும். அந்த டப்பா மடங்காது, நசுங்காது. ஆகவே முதலில் அதை ஏற்றிவிட்டு மிச்ச இடத்தில் பைகளைத் திணியுங்கள்.