ஒரு லன் தொங்கினால் டார்கெட் முழுவதையும் ரீசெட் செய்ய வேண்டாம்

பல சர்வர்கள் பகிரும் ஐ-ஸ்கஸி (நெட்வொர்க் வழியே இயங்கும்) ஸ்டோரேஜில் ஒரு லன் (LUN, சர்வருக்குத் தனி டிஸ்க்காகத் தெரியும் பகுதி) மட்டும் தொங்கினால், அந்த லன்னை மட்டும் ரீசெட் செய்தால் போதும். பல லன்களைத் தரும் ஸ்டோரேஜ் முனையான டார்கெட்டைத் தொட வேண்டாம். லினக்ஸில் எஸ்ஜி_ரீசெட் (sg_reset) கட்டளைக்குச் சிறிய 'டி'யோடு (-d) பெரிய 'என்' (-N) விருப்பத்தையும் கட்டாயம் கொடுங்கள். 'என்' விடுபட்டால், லன் ரீசெட் தோற்றதும் கெர்னல் தானாகவே டார்கெட், பஸ் (இணைப்புப் பாதை), ஹோஸ்ட் (சர்வரின் ஸ்டோரேஜ் அடாப்டர்) என்று அடுத்தடுத்த பெரிய ரீசெட்டுக்கு மேலேறும். டார்கெட் ரீசெட் அதன் கீழுள்ள எல்லா லன்களிலும் நிலுவையிலுள்ள கட்டளைகளை ரத்து செய்துவிடும். சம்பந்தமே இல்லாத சர்வர்களும் அடிபடும்.

லன் ரீசெட்டும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. அதே லன்னைப் பகிரும் மற்ற சர்வர்களின் கட்டளைகளும் ரத்தாகும், பழைய ஸ்கஸி-2 ரிசர்வேஷன் (ஒரு சர்வர் லன்னைத் தனக்கென ஒதுக்கிக்கொள்வது) கலையும். பெர்சிஸ்டென்ட் ரிசர்வேஷன் எனும் நிலைத்த வகை ஒதுக்கீடு அப்படியே இருக்கும். டார்கெட்டோ நெட்வொர்க் பாதையோ முடங்கியிருந்தால் இந்த வழி உதவாது.