சிங்கப்பூர்ச் சந்தைப் புள்ளிவிவரம்: குமரி மாவட்டத்திலிருந்து படிப்பது எப்படி?

குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் ஷீட் விற்பவருக்கும், நாகர்கோவிலில் காலையில் நிஃப்டி குறியீட்டுக்கான ஒப்பந்த விலையான கிஃப்ட் நிஃப்டியைப் பார்த்துவிட்டு வர்த்தகம் தொடங்குபவருக்கும் சிங்கப்பூர்ச் சந்தை ஏதோ ஒரு வகையில் தொடர்புடையது. ஆனால் அங்கிருந்து வரும் எண்களில் பெரும்பாலும் ஒன்றுதான் நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்கிறது: "இன்று ஏற்றம்" அல்லது "இன்று இறக்கம்". சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்ச், சுருக்கமாக எஸ்ஜிஎக்ஸ், மாதந்தோறும் வெளியிடும் சந்தைப் புள்ளிவிவரம் அதைவிட எவ்வளவோ அதிகம் சொல்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது. அதை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் தவறு நேரும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் நாட்காட்டியும் கடிகாரமும்

பங்குச் சந்தையும் சைமெக்ஸ் என்ற டெரிவேட்டிவ்ஸ் (குறியீடு, சரக்கு போன்றவற்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) சந்தையும் 1999 டிசம்பரில் இணைந்து உருவானதுதான் எஸ்ஜிஎக்ஸ். அதனால் மாத அறிக்கையில் இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும். அதன் நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. "முதல் காலாண்டு" என்று போட்டிருந்தால் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. நம் ஏப்ரல்–ஜூன் காலாண்டோடு அதை ஒப்பிட்டால் கணக்கே தவறிவிடும்.

சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பங்கு வர்த்தகம் காலை 9 முதல் 12 வரையும் பிற்பகல் 1 முதல் 5 வரையும். நம் கடிகாரத்தில் காலை 6.30 முதல் 9.30 வரை, பிறகு 10.30 முதல் 2.30 வரை. நம் சந்தை 9.15க்குத் திறந்த கால் மணி நேரத்தில் அங்கே மதிய இடைவேளை வந்துவிடும். 9.45க்குச் சிங்கப்பூர்ப் பங்குக் குறியீடு அசையாமல் நிற்கிறதே என்று அதற்கு அர்த்தம் தேட வேண்டாம்.

பங்குச் சந்தைப் பக்கம்

மொத்த வர்த்தக மதிப்பை விட்டுவிட்டு, தினசரி சராசரி மதிப்பு என்ற வரிக்குப் போங்கள். காரணம் எளிது. சீனப் புத்தாண்டு வரும் மாதத்தில் வேலை நாட்கள் குறைவு. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு மாதம் 22 நாட்களில் 2,860 கோடி சிங்கப்பூர் டாலர், அடுத்த மாதம் 18 நாட்களில் 2,520 கோடி. மொத்தத்தைப் பார்த்தால் ஏறக்குறைய 12 சதவீதம் சரிவு. நாளொன்றுக்குப் பார்த்தால் 130 கோடியிலிருந்து 140 கோடிக்கு உயர்வு. இரண்டுமே ஒரே அறிக்கையிலிருந்து எடுத்த எண்கள்தாம். தலைப்புச் செய்தி எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பொறுத்துச் சந்தை தளர்ந்ததாகவோ சூடுபிடித்ததாகவோ தோன்றும்.

கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். சில சென்ட் விலையுள்ள பங்குகள் கோடிக்கணக்கில் கைமாறினால் அந்த எண் வீங்கிவிடும். பணம் அவ்வளவு ஓடியிருக்காது. 2013 அக்டோபரில் ப்ளூமாண்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்ட் என்ற மூன்று பங்குகள் ஏறிய வேகத்திலேயே நொறுங்கின. அதன் பிறகுதான், 2014 பிப்ரவரியில், விலை 10 சதவீதத்துக்கு மேல் நகரப் பார்த்தால் ஐந்து நிமிடம் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அங்கே வந்தது. இப்படிப்பட்ட பங்குகள் ஓடும் மாதத்தில் எண்ணிக்கை மட்டும் பல மடங்காகும். மதிப்பு வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது டர்ன்ஓவர் வெலாசிட்டி, அதாவது சந்தையில் உள்ள பங்குகள் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கைமாறுகின்றன என்ற அளவு. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: தினசரி சராசரி மதிப்பை ஆண்டின் வர்த்தக நாட்களால் பெருக்கி, மொத்தச் சந்தை மதிப்பால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன 130 கோடியை 250 நாட்களால் பெருக்கினால் 32,500 கோடி. சந்தை மதிப்பு 85,000 கோடி என்று வைத்துக்கொண்டால் 38 சதவீதம். இந்த எண் பல மாதங்களாக ஒரே திசையில் போனால்தான் பொருட்படுத்த வேண்டும். ஒரு மாத ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் குறைவு.

சிங்கப்பூரின் முக்கியப் பங்குக் குறியீடான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் 30 நிறுவனங்கள் உண்டு. ஆனால் டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி என்ற மூன்று வங்கிகளே ஏறக்குறையப் பாதி எடையைச் சுமக்கின்றன. குறியீடு ஏறியது என்றால் பெரும்பாலும் வங்கிகள் ஏறின என்று பொருள். ஜார்டின் மேதிசன் போன்ற சில பங்குகள் அமெரிக்க டாலரிலேயே விலை பேசப்படுகின்றன. பட்டியலில் பக்கத்துப் பங்கின் விலையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. மற்றபடி, பட்டியலிட்ட நிறுவனங்களின் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது என்பதை மனத்தில் வைத்தால் போதும்.

டெரிவேட்டிவ்ஸ் பக்கம்: லாட் அளவு தெரியாமல் தொடாதீர்கள்

சிங்கப்பூரின் தனிச்சிறப்பே இந்தப் பக்கம்தான். தன் நாட்டுக் குறியீட்டைவிட அண்டை நாட்டுக் குறியீடுகளுக்கான ஒப்பந்தங்களில்தான் அது பெயர் பெற்றது. ஜப்பானின் நிக்கேய் குறியீட்டுக்கு உலகிலேயே முதல் ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) 1986இல் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. ஒசாகாவில் வந்தது 1988இல். நம் நிஃப்டிக்கும் 2000ஆம் ஆண்டில் அங்கே ஃப்யூச்சர்ஸ் வந்தது. 2023 ஜூலை 3 முதல் அது கிஃப்ட் நிஃப்டி என்ற பெயரில் குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்கு இடம் மாறியது. ஆகவே 2023க்கு முந்தைய பட்டியலில் உள்ள எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டியையும் இன்றைய கிஃப்ட் நிஃப்டியையும் ஒரே வரைபடத்தில் இழுக்கும்போது அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் மொத்த ஒப்பந்த எண்ணிக்கை என்று ஒரு பெரிய எண் இருக்கும். அதில் ஒவ்வோர் ஒப்பந்தமும் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஆனால் லாட் எனப்படும் ஓர் ஒப்பந்தத்தின் அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. சீனப் பங்குக் குறியீடான ஏ50இன் ஒப்பந்தம் ஒரு குறியீட்டுப் புள்ளிக்கு 1 அமெரிக்க டாலர். கிஃப்ட் நிஃப்டி புள்ளிக்கு 2 டாலர். நிக்கேய் புள்ளிக்கு 500 யென். இரும்புத் தாது ஒரு லாட் 100 டன். டிஎஸ்ஆர் 20 ரப்பர் ஒரு லாட் 5 டன். நிக்கேய் 40,000 புள்ளியில் இருந்தால் ஒரு லாட்டின் மதிப்பு 2 கோடி யென். ரப்பர் கிலோ 170 அமெரிக்க சென்ட் என்றால் ஒரு லாட் 8,500 டாலர்தான். ஏ50 வர்த்தகம் ஒரு லட்சம் லாட் கூடியதும் நிக்கேய் ஒரு லட்சம் லாட் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடாது. எண்ணிக்கையை லாட் அளவாலும் விலையாலும் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

ஓபன் இன்ட்ரஸ்ட் என்பது இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. புதிதாக ஒருவர் வாங்க, புதிதாக ஒருவர் விற்றால் ஒன்று கூடும். ஏற்கெனவே வாங்கியவர் புதியவருக்கு விற்றுவிட்டுப் போனால் மாறாது. இரு பக்கமும் பழையவர்கள் விலகினால் ஒன்று குறையும். வர்த்தக எண்ணிக்கை நாள் முழுதும் நடந்த பரபரப்பைச் சொல்கிறது. ஓபன் இன்ட்ரஸ்ட் மாலையில் யாரேனும் பொறுப்பைச் சுமந்துகொண்டு வீடு போனார்களா என்பதைச் சொல்கிறது. விலை ஏறி ஓபன் இன்ட்ரஸ்டும் ஏறினால் புதுப் பணம் வருகிறது. விலை ஏறி ஓபன் இன்ட்ரஸ்ட் குறைந்தால், முன்பு விற்றுவைத்தவர்கள் நட்டத்தோடு திரும்ப வாங்கி வெளியேறுகிறார்கள். அந்த ஏற்றம் பெரும்பாலும் நீடிப்பதில்லை.

இதில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். ஏ50 போன்ற குறியீட்டு ஒப்பந்தங்கள் மாதக் கடைசியில் முடிந்து அடுத்த மாதத்துக்கு மாறும். அந்த ஓரிரு நாட்களில் வர்த்தகம் குதிக்கும், நடப்பு மாத ஓபன் இன்ட்ரஸ்ட் சரியும். எல்லா மாதங்களையும் கூட்டிப் பார்க்காமல் "எல்லோரும் ஓடுகிறார்கள்" என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. மற்றொன்று சீன விடுமுறை. அக்டோபர் முதல் வாரத்தில் சிங்கப்பூர் திறந்திருந்தாலும் சீனச் சந்தை மூடியிருப்பதால் ஏ50 சோர்ந்துவிடும்.

ஓபன் இன்ட்ரஸ்டால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு: அது யார் கையில் இருக்கிறது என்பது. 1762இல் தொடங்கிய பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் சரிந்தது சைமெக்ஸ் சந்தையின் நிக்கேய் ஒப்பந்தங்களால்தான். எண்கள் எல்லோர் கண்ணிலும் இருந்தன. அவற்றில் பெரும் பங்கு ஒரே வங்கியின் ஒரே ஊழியரான நிக் லீசன் எடுத்தது என்பதும், அவற்றுக்கு எதிர்ப்பக்கக் காப்பு இல்லை என்பதும்தான் தெரியாமல் போயிற்று.

ரப்பர்: நமக்கு நேரடியாகப் பட்ட பகுதி

சிக்காம் என்ற சரக்குச் சந்தையை எஸ்ஜிஎக்ஸ் 2008இல் வாங்கியது. டிஎஸ்ஆர் 20 ஒப்பந்தம் அதன் வழி வந்தது. விலை கிலோவுக்கு அமெரிக்க சென்ட்டில்; மிகக் குறைந்த நகர்வு 0.1 சென்ட், அதாவது லாட்டுக்கு 5 டாலர்.

இங்கே முதல் கேள்வி, நீங்கள் விற்பது ஷீட்டா, ஒட்டுப்பாலா என்பது. டிஎஸ்ஆர் 20 என்பது கட்டி ரப்பர். சிரட்டையில் உறைந்ததை அரைத்துச் செய்வது. நம் நாட்டில் அதற்கு ஈடு ஐஎஸ்என்ஆர் 20. ஆகவே ஒட்டுப்பால் விற்பவருக்கு டிஎஸ்ஆர் 20 நெருங்கிய வழிகாட்டி. ஆர்எஸ்எஸ் 4 என்ற தரத்தில் புகையூட்டிய ஷீட் விற்பவர் பாங்காக் ஆர்எஸ்எஸ் 3 விலையைப் பார்க்க வேண்டும். ரப்பர் வாரியம் தன் தினசரி விலைப்பட்டியலில் கோட்டயம் விலையோடு பாங்காக் விலையையும் தருகிறது. டிஎஸ்ஆர் 20 ஐந்து ரூபாய் இறங்கியது என்பதற்காக ஷீட் விலையை ஐந்து ரூபாய் குறைக்கும் கடைக்காரரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிப் பேசலாம்.

எந்த மாத ஒப்பந்தத்தைப் பார்ப்பது? மிக அருகிலுள்ள மாதத்தில் வர்த்தகம் பெரும்பாலும் மெலிந்திருக்கும். சில மாதம் தள்ளியுள்ள, ஓபன் இன்ட்ரஸ்ட் அதிகமுள்ள மாதத்தை எடுங்கள். கடைசியாக நடந்த வர்த்தக விலையை விட்டு, அன்றைய கணக்கை முடிக்கச் சந்தை நிர்ணயிக்கும் செட்டில்மென்ட் விலையைக் குறியுங்கள். ஆளில்லாத நேரத்தில் இரண்டு லாட் கைமாறிய விலை நம் தோட்டத்துக்கு எதையும் சொல்லாது.

ரூபாய்க்கு மாற்றும் கணக்கு இது. 170 சென்ட், டாலர் 85 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்தால் 1.70 × 85 = 144.50 ரூபாய். இறக்குமதித் தீர்வை 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 144.50இல் 25 சதவீதம் 36 ரூபாய்க்கு மேல். ஆகவே 30 ரூபாய்தான். கூட்டினால் 174.50. கப்பல் கூலி, துறைமுகச் செலவு தனி. விலை 120 ரூபாய்க்கு மேல் போனாலே தீர்வை 30 ரூபாயில் நின்றுவிடும். விலை ஏற ஏற, சதவீதக் கணக்கில் நமக்கான காப்பு சுருங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏற்றுமதிக்கென முன் அனுமதியில் கொண்டுவரும் ரப்பருக்கு இந்தத் தீர்வையும் கிடையாது.

இந்தக் கணக்கு உள்ளூர் விலையோடு எப்போதும் ஒட்டிப் போகாது. 2024 ஆகஸ்டில் கோட்டயத்தில் ஆர்எஸ்எஸ் 4 விலை 2011இன் பழைய உச்சத்தைத் தாண்டியபோது பாங்காக் விலை அதற்குக் கீழேதான் இருந்தது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் அடிக்கிறது, வடகிழக்கும் அடிக்கிறது. மழைக்காப்பு ஒட்டாத மரத்தில் பால்வெட்டு நின்றுவிடும், வரத்து குறையும், விலை உள்ளூரிலேயே தூக்கும். மாறாக, தாய்லாந்தில் இலையுதிர்ந்து வரத்து குறையும் பிப்ரவரிக்குப் பிந்தைய மாதங்களில் சிங்கப்பூர் முன்னால் நகரலாம். ஆகவே ஒரு நோட்டில் தேதி, டிஎஸ்ஆர் 20 செட்டில்மென்ட், ஓபன் இன்ட்ரஸ்ட், டாலர் மதிப்பு, கோட்டயம் விலை, உங்கள் கடையில் கிடைத்த விலை, மழை நாள் என ஏழு கட்டம் போட்டு வாரம் ஒருமுறை எழுதுங்கள். ஓர் ஆண்டு ஓடிய பிறகு, இடைவெளி எந்த மாதத்தில் விரிகிறது என்பது உங்கள் நோட்டிலேயே தெரியும். ஷீட்டைப் புகைப்புரையில் இன்னும் இரண்டு வாரம் வைப்பதா, உடனே விற்பதா என்ற முடிவுக்கு அதுதான் உதவும்.

பார்க்கலாம், எல்லாவற்றையும் வாங்கி விற்க முடியாது

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பி, சிங்கப்பூர்ப் பங்குகளை வாங்கலாம். ஆனால் வெளிநாட்டுச் சந்தைக்கு மார்ஜின் (ஒப்பந்தத்துக்கான பிணைத் தொகை) கட்டுவதற்காகப் பணம் அனுப்ப அந்தத் திட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் அங்குள்ள ரப்பர் ஃப்யூச்சர்ஸ், ஏ50, நிக்கேய் எதுவும் நம் கைக்கு எட்டாதவை. கிஃப்ட் நிஃப்டியும் இங்குள்ள சாதாரண முதலீட்டாளருக்குப் பார்ப்பதற்கு மட்டுமே. வளைகுடாவில் வேலை செய்யும் உறவினரின் நிலை வேறு; அவருக்கு வெளிநாட்டில் குடியிருப்போருக்கான விதிகள் பொருந்தும். ஆனால் அவர் கணக்கை ஊரிலிருந்து நீங்கள் இயக்குவது சிக்கலில் முடியும்.

உள்நாட்டு எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) சந்தையிலேயே 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. "சிங்கப்பூர் ரப்பரில் மார்ஜின் போடுகிறோம், மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்" என்று யாராவது ஆப் இணைப்பை அனுப்பினால், அவர் செபி பதிவு எண்ணைக் கேட்டு செபியின் இணையதளத்தில் தேடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, பரிவர்த்தனை எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அந்த அளவுக்கு, பெறுநர் கணக்கில் பணத்தை முடக்கும் வாய்ப்பு கூடும்.