பாட்டிலை வெட்டுவதற்கு முன்னால்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மொட்டைமாடியில் தீ எரிவது தெரிந்து ஏறிப்போனேன். கல்லூரியில் படிக்கும் அந்த வீட்டுப் பெண், நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த சணலைக் காலி பாட்டிலில் சுற்றிக் கொளுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதற்குள் ஏற்கெனவே மூன்று பாட்டில்களின் சில்லுகள். "வீடியோவில் அழகாகப் பிரிந்தது ஆன்ட்டி" என்றாள்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் இதே வாளியோடு நின்றவள்தான் நானும். லேபிளை ஊறவைத்து உரிப்பது, கையுறை போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் நான் விலை கொடுத்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நூலும் நெருப்பும்

கண்ணாடியில் சூடு மெதுவாகத்தான் பரவும். ஓர் இடத்தை மட்டும் காய்ச்சிக் குளிர்ந்த நீரில் முக்கினால் அந்த இடம் சட்டென்று சுருங்கி விரிசல் விடும். அதுவரை சரி. அந்த விரிசல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று யார் சொன்னது? தீ மேல்நோக்கி எரிவதால் நூலுக்கு மேலேயும் சூடேறும். பாட்டிலின் சுவரும் சுற்றிலும் ஒரே கனத்தில் இருக்காது. பாட்டிலை வார்த்த இரண்டு அச்சுகள் சேர்ந்த தையல் கோடு பக்கவாட்டில் ஓடுமே, அங்கே வந்ததும் விரிசல் தன் இஷ்டத்துக்கு மேலோ கீழோ திரும்பிவிடும்.

முதலில் நான் கொளுத்திய பன்னிரண்டில் இரண்டுதான் டம்ளர் வடிவில் வந்தன. உடைந்த பத்தைவிட அந்த இரண்டால்தான் எனக்கு நஷ்டம். விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒன்றை நாத்தனாருக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் அதில் சூடான பாலை ஊற்றினார். விளிம்புக்குக் கீழே மயிரிழை போன்ற விரிசல்கள் மிச்சமிருந்திருக்கின்றன. என் தேய்ப்பு அந்த ஆழத்துக்கு எட்டவில்லை. டம்ளர் நெடுக்காகப் பிளந்தது. மடியில் பால், உள்ளங்கையில் இரண்டு தையல். இன்றும் அவர் வீட்டில் எனக்குக் காபி எவர்சில்வர் டம்ளரில்தான் வரும், கூடவே ஒரு சிரிப்பும்.

விரிசலுக்கு முதலில் வழி போட்டுத் தர வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் போலக் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, எழுத்துப் புடைப்பு இல்லாத இடமாகப் பார்த்து, ஒரே சுற்றில் கோடு இழுங்கள். இடைவிடாமல் மெல்லிய சரசரப்புக் கேட்டால் அழுத்தம் சரி. வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அதிகம். கோட்டின் இரு முனைகளும் சந்தித்தாக வேண்டும். பிறகு பாட்டிலை உருட்டியபடி கோட்டின் மேல் வெந்நீரை மெல்லிய தாரையாக ஊற்றி, அடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றிச் செய்தால் 'டக்'கென்று பிரியும். பிரியவில்லை என்று கையால் இழுக்காதீர்கள்; இன்னொரு முறை வெந்நீர் ஊற்றுங்கள்.

விளிம்பை வாட்டர் பேப்பரால், பெயருக்கேற்றபடி நீரில் நனைத்தே தேயுங்கள். சொரசொரப்பைக் குறிக்கும் தாள் எண் 120இல் தொடங்கி 220, 400, 600 என்று வழவழப்பை நோக்கிப் போக வேண்டும். உள்விளிம்பை மறந்துவிடுவதுதான் வழக்கம். பஞ்சை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். ஒரு இழை மாட்டினாலும் உதட்டைக் கிழிக்கும்.

இப்படிச் செய்த டம்ளரிலும் மோர், சர்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரண பாட்டில் கண்ணாடி, ஆய்வகக் குடுவைகளின் போரோசிலிகேட் கண்ணாடியைவிடச் சூட்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். காபியை அது தாங்காது.

கோட்டின் மேல் இன்னொரு கோடு

கூடாது. பாட்டிலும் போகும், கட்டரின் சக்கரமும் போகும்.

விளக்குக்கு ஓட்டை

டிரில்லில் மாட்டும் வைரத்தூள் பூசிய குழல் பிட், மெதுவான வேகம், துளைக்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர். இவ்வளவும் சரியாகச் செய்தவர்களும் கடைசி நொடியில் "இதோ முடிந்தது" என்று அமுக்கிக் கெடுப்பார்கள். பிட் வெளியே வரப்போகும்போது கை எடையை அறவே எடுத்துவிடுங்கள். ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைக்காதீர்கள். எல்.இ.டி. பல்பு மட்டும்.

ஃபினாயில், ஆசிட், பூச்சிமருந்து பாட்டில்கள்

எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்கு வேண்டாம்.

ஊறுகாய்க்குத் தகர மூடி

உப்பும் புளிப்பும் அதைத் தின்றுவிடும்.

மணி பிளாண்ட்

வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறோம், கொசு எப்படி வரும் என்று கேட்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டையிடும். அவை பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டால் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். பிரஷ் நுழையாத குறுகிய கழுத்துள்ள பாட்டிலைச் செடிக்கு எடுக்காதீர்கள். பழுப்பு நிறமாக இருந்தால் பாசியும் குறையும்.

கோலி சோடா பாட்டில்

எதிர்வீட்டுப் பெண் நேற்று இதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். 1872இல் ஆங்கிலப் பொறியாளர் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற வடிவம். வாயு அழுத்தத்தைத் தாங்க வேண்டிய தடித்த சுவர், கழுத்தில் கோலி. கட்டருக்குச் சுலபத்தில் மசியாது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். கழுவி, மறுபடி சோடா நிரப்பிக்கொள்வார்கள்.