தவளையை எண்ணும்போது எங்கே தவறுகிறோம்

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் நல்ல மழை ஒன்று அடித்துவிட்டால் அன்று ராத்திரியே குட்டையெல்லாம் காளைத் தவளைச் சத்தம். பச்சையும் பழுப்புமாக இருந்த ஆண்கள் எலுமிச்சை மஞ்சளுக்கு மாறி, தாடைக்குக் கீழே இரண்டு நீலப் பை உப்ப, ஓரத் தண்ணீரில் உட்கார்ந்து கத்தும். "இந்த வருசம் தவளை பெருத்துப் போச்சுங்க" என்பார் தோட்டத்துக்காரர். அதை அப்படியே நோட்டில் ஏற்றுவதுதான் முதல் தவறு. கத்துவது ஆண் மட்டும். அதுவும் இனப்பெருக்கத்துக்காகச் சில ராத்திரிதான் ஒன்றுகூடும். அன்று எத்தனை வந்தன என்பது தெரியும். குட்டையைச் சுற்றி மொத்தம் எத்தனை வாழ்கின்றன என்பது தெரியாது.

மொத்தத்தைக் கணிக்க, பிடித்து அடையாளம் வைத்து விட்டுவிட்டு, மறுபடி பிடித்துப் பார்ப்பார்கள். முதல் முறை 40 தவளைக்கு அடையாளம். அடுத்த முறை 30 பிடிக்கிறோம். அதில் 10 ஏற்கெனவே அடையாளம் வைத்த பழசு. 40-ஐ 30-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 120. அந்தப் பத்தில் ஐந்தின் அடையாளம் அழிந்து நமக்குத் தெரியாமல் போனால் அதே கணக்கு 240 ஆகிவிடும். ஒரு தவளைகூடப் பிறக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் இரட்டிப்பு! அதனால்தான் சாயம் பூசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. முதுகுப் புள்ளிகளைப் படமெடுத்து ஒப்பிடலாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பருவம் முடிந்ததும் மஞ்சள் போய்விடும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் எதிர்பார்க்கிறது: இரண்டு முறைக்கும் நடுவே பிறப்பு, சாவு, வரத்து, போக்கு எதுவும் இருக்கக் கூடாது. நம் ஊரில் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கீழ்பவானி வாய்க்காலில் பெரும்பாலும் ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன்னே ஒரு தடவை, வயலெல்லாம் நனைந்த பிறகு ஒரு தடவை என்று போனால், குட்டைத் தவளை வயலுக்குப் பரவியிருக்கும். செத்துக் குறைந்தனவா, நகர்ந்தனவா என்று பிரிக்கவே முடியாது. அடுத்தடுத்த ராத்திரிகளில் முடித்துவிடுங்கள்.

தலைப்பிரட்டை கறுப்பாக மொய்க்கிறதே என்று மகிழ்வதும் அவசரம்தான். ஒரு பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காளைத் தவளையின் பிரட்டை மற்ற பிரட்டைகளையும் தன் இனத்தையுமே தின்னும். குட்டை முன்கூட்டி வற்றினால் மிச்சமும் போச்சு. வாலுதிர்ந்து கரையேறுகிற குட்டிகளைத்தான் எண்ண வேண்டும்.

கொசுக் களிம்பு பூசிய கையால் தவளையைத் தொடாதீர்கள். அதன் தோல் வழியாகவே நீரும் காற்றும் உள்ளே போகும், களிம்பும் போகும். கையைக் குட்டைத் தண்ணீரிலேயே நனைத்துக்கொள்ளுங்கள். வால்பாறை ஓடையில் நின்ற பூட்ஸோடு நேரே கோபிக் குட்டையில் இறங்குவது இன்னும் மோசம். தவளைக்கு நோய் தரும் கைட்ரிட் என்ற பூஞ்சை ஈரச் சேற்றிலேயே ஊர் மாறும். சேற்றைக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிடிக்கும் முன் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

முதல் பருவத்தில் நான் செய்த தவறு வேறு. தவளையே காணாத ராத்திரிகளை எழுதாமல் விட்டேன். வருசக் கடைசியில் பார்த்தால் என் நோட்டில் தவளை இருந்த நாள் மட்டும்தான் இருந்தது. குறைந்ததா கூடியதா என்று சொல்ல வழியில்லை. இப்போதெல்லாம் டார்ச்சோடு குட்டையைச் சுற்றி வந்து எதுவும் தென்படாவிட்டாலும் நேரம், மழையளவு, தண்ணீர் மட்டம் எழுதி, பக்கத்தில் 0 போடுகிறேன்.