மலையில் வெள்ளப் படம் வரைபவர்கள் செய்யும் தவறுகள்

“மேட்டுல இருக்கோம், நமக்கு ஏது வெள்ளம்?” நீலகிரி ஊராட்சிக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வெள்ளம் எங்கெங்கே ஏறும் என்று காட்டும் வரைபடத்தில் முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒருநாள் மழை 800 மி.மீ.யைத் தாண்டியது. அத்தனை தண்ணீரும் சரிவில் இறங்கிப் பள்ளத்தடியில்தான் சேரும். முத்தோரை பாலாடா கேரட் தோட்டக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படுகர் ஹட்டிகளை, அதாவது அவர்களின் ஊர்களைப் பாருங்கள்: பெரும்பாலும் சரிவின் மேல்தான் வீடுகள். கீழே சதுப்பில் வீடு கட்டும் துணிச்சல் நம் காலத்தில் வந்தது.

அந்த இரண்டு மழையும் வெவ்வேறு பருவத்தில் பெய்தவை. அவலாஞ்சி, கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நிறையும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பயமுறுத்தும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். அதனால் ஊட்டி மழைமானியின் கணக்கை மாவட்டம் முழுவதற்கும் போட்டால் படம் பொய் சொல்லும். ஓடைக்கு ஓடை, அதன் தலைப்பகுதியில் எவ்வளவு பெய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, நிலத்தின் உயரத்தைக் காட்டும் செயற்கைக்கோள் தரவை அப்படியே நம்புவது. இலவசமாகக் கிடைக்கும் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் 30 மீட்டர். நம் ஓடைகள் பலவற்றின் அகலம் மூன்று, நான்கு மீட்டர். ஒரு கட்டத்துக்குள் ஓடை, கரை, சாலை, வீட்டுப் படிக்கட்டு எல்லாம் கரைந்துபோகும். ஊருக்குள் ஓடும் பகுதியையாவது உயர வித்தியாசத்தை அளக்கும் லெவல் கருவி வைத்து அளந்தே ஆகவேண்டும். சிறுபாலங்களையும் சேர்த்து அளக்க வேண்டும். மலை வெள்ளம் மண்ணும் கல்லும் மரமுமாக வரும், பாலக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சாலைவழியே பாயும். குழாய் திறந்திருக்கிறது என்று கணக்குப் போட்ட படம் வெள்ளம் வரும் இரவில் உதவாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. ஓடை இன்று ஓடும் இடத்தை மட்டும் வரைந்துவிட்டு, முன்பு இருந்த இடத்தை விட்டுவிடுகிறோம். ஊட்டி ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1820களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய அந்த ஏரியின் பழைய பரப்பில்தான் இன்று பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கின்றன. சிற்றோடைகளுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. கரையில் மண்ணைக் கொட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, மனையாக்கியிருக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்துப் பழைய புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வாங்கி ஓடைப் புறம்போக்கின் எல்லையைப் பாருங்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களோடு அந்த எல்லையில் நடந்து பாருங்கள்.

காப்பீட்டுக்கும் இது நேரே தொடர்புள்ள விஷயம். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் நிலச்சரிவும் அடங்கும். ஆனால் நிலம் இறங்குதல், சரிதல் பிரிவில் விலக்குகள் உண்டு: கொட்டி நிரப்பிய மண் அமுங்கியோ நகர்ந்தோ வந்த சேதத்துக்கும், ஆற்று அரிப்புக்கும் இழப்பீடு கிடையாது. ஓடைக்கரையில் மண் நிரப்பிய மனையை வாங்குபவருக்கு இது முன்பே தெரிய வேண்டாமா? படத்தில் நிரப்பிய நிலத்தைத் தனி நிறத்தில் காட்டினால் பத்திரம் பதிவதற்கு முன்பே கேள்வி எழும்.

“நூறாண்டு வெள்ளம்” என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. படத்தில் போட்ட வெள்ளக் கோட்டுக்கு வெளியே வீடு இருக்கிறது என்று காப்பீட்டைக் கைவிடாதீர்கள்.

இந்த ஆண்டே ஒரு வேலை செய்யலாம். வெள்ளம் வடிந்ததும் சுவரைக் கழுவுவதற்கு முன், சேறு நின்ற உயரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். ஒரு போட்டோ எடுத்து ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள். அடுத்த முறை படம் வரைய வருபவர் முதலில் அந்தக் கோட்டைத்தான் அளக்க வேண்டும்.